கையால் எழுதிய நாற்பத்தொன்று

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுசேரியில் எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் யாரிடமாவது என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "பூங்கோதை மேடமா? இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு வாங்க" என்பார்கள். ஒன்பது வருடம் அந்தக் குப்பையோடு குடித்தனம் நடத்தியவளுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

குப்பை என்று நான் சொல்வது ஒரு ஃபோல்டரை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் செல்போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நகராமல் உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் புது மேனேஜர் வைத்தீஸ்வரன். வாஷிங் மெஷின் கம்பெனியிலிருந்து வந்தவர், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"மேடம், ஹெடர் ஹெடர்னு எல்லார்கிட்டயும் சண்டை போடறீங்களாமே. அப்படின்னா என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

"மூச்சுக் காய்ச்சல் வந்து பிழைச்சவங்க நம்ம மாநிலத்துல மட்டும் ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம் பேர் சார். மூச்சை இழுத்து விடற நரம்பு அவங்களுக்குப் பாழாப்போச்சு. நம்ம கருவி நெஞ்சுக்குக் கீழ உட்கார்ந்து அந்த நரம்பைத் தட்டித் தட்டி வேலை வாங்குது. நிமிஷத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு மின்சாரம், எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், வாரத்துக்கு வாரம் மாறும். கருவியோ அவரைக்கொட்டை அளவு. எண்களைத் தனியா வச்சுக்க அதுல இடமில்ல. அதனால ஒவ்வொருத்தர் எண்ணையும் ப்ரோகிராமுக்குள்ளயே வச்சுத் தைச்சு வாராவாரம் அனுப்பறோம். அந்த எண்கள் எழுதியிருக்கற சின்னக் கோப்புதான் ஹெடர். ஒரு ஆளுக்கு ஒண்ணு."

"ரெண்டு லட்சத்தையும் உட்கார்ந்து எழுதறீங்களா?"

"யார் எழுதறது? கருவி வச்சவங்க பேரெல்லாம் இருக்கற பதிவகத்துலேருந்து விவரம் வரும், ஜெனரேட்டர்னு ஒரு ப்ரோகிராம் தானாவே எழுதிப் போட்டுடும்."

"நல்லதுதானே?"

"எழுதறது நல்லதுதான். கொண்டுபோய்க் கொட்டற இடம்தான் சார் வயித்தெரிச்சல். நாம கையால எழுதின மூவாயிரம் கோப்பு இருக்கற அதே ஃபோல்டர்ல கொட்டுது. எது நாம எழுதினது, எது அது எழுதினது, எது இந்த வாரத்தது, எது போன வருஷத்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தர் பேர் பதிவகத்துல இல்லாம போச்சுன்னா அவருக்குப் புதுசா எழுதாது. ஆனா பழசை அழிக்கவும் அழிக்காது. அது பாட்டுக்குக் கிடக்கும்."

அழித்துவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் தைக்கலாமே என்று கேட்டார். கேட்கத்தான் செய்வார். அப்படிச் செய்தால் பத்தொன்பது மணி நேரம் ஆகும். அதனால் எவரும் செய்வதில்லை. எங்கள் ஆபீஸ் சம்பிரதாயம் என்னவென்றால், புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் அடையாள அட்டை, இரண்டாம் நாள் பக்கத்து இருக்கைக்காரரின் ஃபோல்டர். அப்படியே காப்பி எடுத்து அப்படியே வைத்துக்கொள்வார்கள். பில்டு, அதாவது வெளியே அனுப்புவதை மொத்தமாகத் தைக்கும் வேலை, நடக்கும் பெரிய கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அந்த ஃபோல்டரை எவரும் காலி செய்ததில்லை.

பங்குனி மாதத்தில் நான் பயந்துகொண்டிருந்தது நடந்தது. தேனியில் ஏழு வயதுப் பெண் ஒருத்திக்கு இரண்டு வருடப் பழைய ஹெடரை எடுத்துத் தைத்துவிட்டது பில்டு. ஐந்து வயதில் அவளுக்கு இருந்த எண்கள். டெஸ்டிங்கில் ஒரு பையன் தற்செயலாகப் பார்த்ததால் தப்பித்தாள். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் வைத்தீஸ்வரன் என் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

திட்டம் எளிது. ஜெனரேட்டர் எழுதுவதற்குத் தனி ஃபோல்டர். ஒவ்வொரு பில்டுக்கும் அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். கையால் எழுதியவை வேறு ஃபோல்டரில். அங்கே வைக்கும் ஒவ்வொரு கோப்பிலும் எழுதியவர் பெயர், காரணம், சரிபார்த்த இன்னொருவர் கையெழுத்து மூன்றும் வேண்டும். அதிலிருந்து நீக்குவதற்கும் அதே மூன்று வேண்டும். விதிகளை நானே எழுதினேன். பத்தொன்பது மணி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைக்கும் வழியையும் கண்டுபிடித்தேன். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை என்பதே இல்லாமல் உழைத்தேன்.

எதிர்த்தவர் ஒரே ஒருவர், ஜெபராஜ் அண்ணன். நாகர்கோவில்காரர், ஐம்பத்தாறு வயது, ஜெனரேட்டரை முதன்முதலில் எழுதியவரே அவர்தான்.

"ஓடுதுல்லா கோதை? அப்படியே விட்டுருங்களேன்" என்பார்.

"தேனிப் பொண்ணு செத்திருந்தா?"

"சாகலைல்லா."

"என்ன அண்ணே இது பேச்சு? படிச்சவர் பேசற பேச்சா இது?"

அடுத்த கூட்டத்தில் வேறொரு சாக்கு. கணினி தாங்காது, நேரம் போதாது, ஆடி கழியட்டும். நான் இந்தப் பேச்சை எடுத்த மூன்று வருடமாக இதே பாட்டு. சுத்தமே பிடிக்காத மனுஷன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜெபராஜ் அண்ணன் ஏதோ கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு அன்று பிற்பகல்தான் வருவதாக இருந்தது. நான் காத்திருக்கவில்லை. வேண்டுமென்றேதான் காத்திருக்கவில்லை. காலை ஒன்பதுக்குப் புதிய முறையில் பில்டை ஓட்டினேன். பன்னிரண்டுக்கு முடிந்தது, ஒரு பிழை இல்லை. வைத்தீஸ்வரன் எல்லாருக்கும் பாதுஷா வாங்கிவரச் சொன்னார். ஒன்பது வருடத்தில் எனக்காக இந்த மாடியில் வாங்கிய முதல் இனிப்பு. ஞாயிறு காலை பத்து மணிக்கு ரெண்டு லட்சத்துச் சொச்சம் கருவிகளும் புதிய ப்ரோகிராமை வாங்கிக்கொள்ளும்.

பாதுஷாவைக் கடித்துக்கொண்டே கடைசியாக ஒரு எண்ணைப் பார்த்தேன். இன்னும் எவர் உடம்பிலும் வைக்காமல் ஸ்டோரில் பெட்டியில் இருக்கும் கருவிகளுக்கும் நாங்கள் ப்ரோகிராம் தைப்போம். அவற்றுக்கு ஆள் கிடையாது, ஆகவே ஹெடரும் கிடையாது. ஹெடர் இல்லை என்று பில்டு நின்றுவிடக் கூடாதே என்று ஆறு வருடத்துக்கு முன் ஒரு வெற்று ஹெடரைச் செய்து வைத்தேன். எல்லா எண்ணும் பூஜ்யம். ஹெடர் கிடைக்காத கருவிக்கு அது தானாகப் போய்ச் சேரும், கருவி தூங்கும். ஸ்டோரில் இருந்த பெட்டிகள் ஆயிரத்து முந்நூறு. வெற்று ஹெடர் போயிருந்த கருவிகள் ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று.

பாதுஷாவை மேசையில் வைத்துவிட்டு இன்னொரு தடவை கழித்துப் பார்த்தேன். அந்த நாற்பத்தொரு கருவிகளும் பெட்டியில் இல்லை, எவர் உடம்பிலோ இருந்தன. ஞாயிறு பத்து மணிக்கு அவை தட்டுவதை நிறுத்திவிடும்.

பழைய ஃபோல்டரின் நகல் ஒன்றை வைத்திருந்தேன். அந்த நாற்பத்தொரு கருவி எண்ணையும் அதில் தேடினேன். எல்லாம் இருந்தன. பதிவகத்தில் பெயர் போய் மூன்று வருடம் ஆனவர்கள், ஜெனரேட்டர் அவர்களுக்காக ஒரு வரி எழுதி மூன்று வருடம் ஆகிறது. ஆனால் கோப்புகளின் தேதி போன வாரம் வியாழக்கிழமை, மதியம் ஒன்று பத்து. ஒவ்வொன்றின் தலையிலும் 'இது தானாக உருவானது, கையால் திருத்தாதீர்' என்ற வரி. திருத்தியவர் ஜெபராஜ்.

அவர் அப்போதுதான் பையோடு வந்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும் என் முகத்தைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஓட்டிட்டீங்களா?" என்றார்.

"எவ்வளவு நாளா அண்ணே இது?"

"மூணு வருஷம்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல."

"அப்புறம் எந்தத் தைரியத்துல மனுஷங்க மூச்சுல கை வச்சீங்க?"

"மெதுவாப் பேசுங்க கோதை. உட்காருங்க." நான் உட்காரவில்லை. அவரே சொன்னார். "பதிவகத்துல மறுபதிவுன்னு ஒண்ணு வச்சாங்கல்லா, ஆள் உயிரோட இருக்காரான்னு பாக்கதுக்கு? விரலை வைக்கணும். இவங்க விரலு படியல. பாதிப்பேரு பண்ருட்டியில முந்திரிக்கொட்டை உடைக்கவங்க. அந்த ஓட்டு எண்ணெய் தோலைத் தின்னுரும், ரேகையே இருக்காது. மீதிப்பேரு சுண்ணாம்புக் காளவாய், தோல் பதனிடுற ஷாப்பு. மெஷின் மூணு தடவை பாக்கும், அப்புறம் ஆள் இல்லைன்னு எழுதிரும். அதோட ஜெனரேட்டரும் நிறுத்திரும். நான் எழுதின ஜெனரேட்டரு."

"அப்ப மூணு வருஷம் முன்னாடியே இவங்க கருவி நின்னிருக்கணுமே?"

"ஏன் நிக்கலைன்னுதான் நானும் தேடினேன். நம்ம குப்பைதான். பழைய ஹெடர் அங்கேயே கிடந்துச்சு, பில்டு அதையே எடுத்து எடுத்துத் தைச்சுக்கிட்டு இருந்துச்சு. ஆனா நரம்பு மாறுமே, பழைய எண்ணு எத்தனை நாளைக்குக் காணும்? அதான் வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொருத்தரா கூப்பிடுவேன். ஒரே மூச்சுல எத்தனை வரைக்கும் எண்ண முடியுதுன்னு எண்ணச் சொல்லுவேன். மார்த்தாண்டத்துல ஒரு ரிட்டயர்டு டாக்டர் இருக்காரு. எண்ணிக்கையை அவருக்கு அனுப்புவேன், அவரு எவ்வளவு கூட்டணும்னு சொல்லுவாரு. நான் கையால மாத்துவேன்."

"நாற்பத்தொரு பேருக்கும்?"

"ஐம்பத்தெட்டு பேரு இருந்தாங்க. பதினாலு பேருக்கு அலைஞ்சு திரிஞ்சு பதிவை வாங்கியாச்சு. மூணு பேருக்கு..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு பேருக்கு நான் போட்ட எண்ணு காணல, பத்தாம மூச்சு நின்னுருச்சு."

வாயில் வந்ததைக் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ரூல் பேசுவீங்க" என்றார்.

அது சுருக்கென்று தைத்தது. உண்மை, அதனால்தான் அப்படித் தைத்தது.

அவர் முதல் எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பண்ருட்டி அஞ்சலை. பின்னால் கொட்டை உடைக்கும் சத்தம் டக்டக்கென்று கேட்டது.

"இன்னா சாரு, நேத்தே கூப்புடல? நான் கூட நீ பூட்டியோன்னு பயந்துக்கினேன்."

"கல்யாணத்துக்குப் போயிட்டேன்மா. எண்ணுங்க."

அஞ்சலை எண்ணினார். ஒன்று, இரண்டு என்று வேகமாக ஆரம்பித்துப் பன்னிரண்டில் தேய்ந்து பதினான்கில் நின்றது. "போன வாரம் பதினாறு வந்திச்சு சாரு. இந்த வாரம் கொஞ்சம் இசுத்துக்கினு இருக்கு. சின்னவள பேர் சொல்லிக் கூப்புடக்கூட முடியல, கல்ல வுட்டுக் கூப்புடறேன்." சிரித்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது.

நான் இருவரையும் விட்டுவிட்டு வைத்தீஸ்வரன் அறைக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன். நல்ல மனிதர், உடனே பதிவகத்துக்கு ஸ்பீக்கரில் போன் செய்தார். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார், அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆள் நேர்ல வந்து விரல் வச்சா அஞ்சு நிமிஷ வேலை சார்."

"விரல்ல ரேகை இல்லைங்க. வேலையில தேஞ்சுபோச்சு" என்றேன்.

"ரேகை இல்லாம ஆள் யாருன்னு எப்படிம்மா முடிவு பண்றது?"

"உடம்புக்குள்ள கருவி இருக்கு. அதுக்கு நம்பர் இருக்கு. வாராவாரம் அது உங்களுக்கு சிக்னல் அனுப்புது. திரையில தெரியுதா இல்லையா?"

"தெரியுதும்மா. கருவி இருக்கறது நல்லாவே தெரியுது. ஆள் இருக்காங்களான்னுதான் தெரியலை."

போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். வைத்தீஸ்வரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மேடம், நாம தைச்சு அனுப்பறவங்க. மேலேருந்து வர்றதைத் தைக்கறோம். அங்க தானா நின்னுபோச்சுன்னா அது நம்ம பொறுப்பில்ல. நாமளா எழுதினா, அப்ப பொறுப்பு நம்மளது."

"அப்ப ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு?"

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார். அதை மட்டும் மனதாரச் சொன்னார்.

திரும்பி வந்தால் ஜெபராஜ் அண்ணன் எழுந்து நின்றார். "பழையபடி ஆக்கிருங்க கோதை. பில்டு சரியா வரலைன்னு சொல்லிருங்க. குப்பை அப்படியே இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

"தேனிப் பொண்ணை யார் பாத்துக்குவா? அந்தக் குப்பை உங்க நாற்பத்தொரு பேரை மட்டுமா வச்சிருக்கு? அடுத்த பங்குனியில வேற ஒரு குழந்தைக்குப் பழைய எண்ணை எடுத்துத் தைக்கும். அப்ப டெஸ்டிங்ல எவனும் பாக்கமாட்டான்." நான் கத்தினேன். மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. "ஜெனரேட்டர் எழுதலை, நீங்க எழுதறீங்க. கையால எழுதறதை எங்க வைக்கணும்? கையால எழுதற ஃபோல்டர்ல. மூணு வருஷமா நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தறது இதைத்தானே?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் வந்தது. அந்த மனிதருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "எல்லாரும் பாக்கற இடத்துலயா? திங்கக்கிழமையே தூக்கிருவாங்க. நான் மூணு வருஷம் மறைச்சு வச்சதை ஒரே நாள்ல காட்டிக் குடுக்கியளா?"

"மறைச்சு வச்சதாலதான் உங்களுக்குத் துணைக்கு ஆளில்ல. அந்த மூணு பேருக்கு எண்ணு பத்தலைன்னு பாக்க இன்னொரு கண்ணும் இல்ல."

கொடுமையான வார்த்தை. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு டாக்டருக்குப் போன் போட்டார்.

ஞாயிறு காலை கருவிகளுக்குப் போய்ச் சேர, அன்று மாலை ஐந்துக்குள் பில்டை அனுப்பியாக வேண்டும். அவர் ஒவ்வொருவரையும் எண்ணச் சொல்ல, டாக்டர் எண்ணைச் சொல்ல, நான் எழுதினேன். ஜெனரேட்டர் எழுதும் கோப்புக்கு வெறும் எண்தான் பெயர். என் விதிப்படி கையால் எழுதும் கோப்புக்குப் புரிகிற பெயர் வேண்டும். ஊர் பேர் போட்டு எழுதலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம்.

"போடு, போடு" என்றார் அஞ்சலை. "நான் இன்னா திருட்டுத்தனமாவா மூச்சு வுடறேன்?"

முதல் கோப்பு 'அஞ்சலை, பண்ருட்டி'. எழுதியவர் பூங்கோதை. காரணம்: ஆள் உயிரோடு இருக்கிறார். சரிபார்த்தவர் ஜெபராஜ். எண்ணைச் சொன்ன டாக்டர் பெயரையும், அவர் சம்மதத்தோடு, அடியில் போட்டேன். நாற்பத்தொன்றும் முடிந்தபோது மணி நாலு ஐம்பது. மூன்று மணி நேரம் ஆகும் பில்டு, ஆனால் காலையில் துடைத்துத் தைத்தது அப்படியே இருக்க, அந்த நாற்பத்தொன்றை மட்டும் தைத்ததால் எட்டு நிமிடத்தில் முடிந்தது. வெற்று ஹெடர் போன கருவிகள்: ஆயிரத்து முந்நூறு.

ஞாயிறு பத்தேகாலுக்கு அஞ்சலையைக் கூப்பிட்டேன். பதினேழு வரை எண்ணினார். எண்ணி முடித்ததும் யாரையோ பார்த்து, "ஏய், அந்தக் கூடையத் தொடாதே, கைய ஒடிச்சிருவேன்" என்று ஒரு கத்துக் கத்தினார். காது அடைத்துவிட்டது. நான் அழுதுவிட்டேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜெபராஜ் அண்ணன் சொன்னது போலவே திங்கட்கிழமை தணிக்கைப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. பதிவகத்தில் இல்லாத நாற்பத்தொரு கோப்புகளை உடனே நீக்கவும். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ், அவருக்கு ஒன்று. நீக்கும்படி கம்ப்யூட்டரில் ஒரு வேண்டுகோளையும் அவர்களே போட்டுவிட்டார்கள். அதைச் செய்து முடிக்கத்தான் ஒருவர் வேண்டும்.

விதி இருக்கிறதே. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். நீக்குபவர் தன் பெயரை எழுத வேண்டும், காரணம் எழுத வேண்டும், இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டுகோள் முதலில் டெஸ்டிங்குக்குப் போனது. எங்கள் வேலையில்லை என்று திருப்பினார்கள். ஜெனரேட்டர் குழு, நாங்கள் தானாக உருவாவதை மட்டும்தான் பார்ப்போம் என்றது. தணிக்கைப் பிரிவையே நீக்கச் சொன்னோம். எங்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். அனுமதி தருகிறோம் என்று எழுதினேன், அதற்கு இன்றுவரை பதில் இல்லை. இதற்கிடையில் மறுபதிவில் இன்னும் மூன்று பேரை மெஷின் தள்ளிவிட்டது. அவர்களுக்கும் எழுதினோம். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இப்போது நாங்கள் ஐந்து பேர் போன் செய்கிறோம். டெஸ்டிங்கில் அன்றைக்குப் பார்த்த பையனும் வருகிறான். பதிவகத்துக்கு வாரம் ஒரு கடிதம் போகிறது. நேரில் வந்து விரல் வைக்கவும் என்று வாரம் ஒரு பதில் வருகிறது. என் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கூட்டியிருக்கிறார்கள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை வைத்தீஸ்வரன் என் இருக்கைக்கு வந்தார். "மேலேருந்து தாங்க முடியல மேடம். நீங்க எழுந்திருங்க, நானே முடிச்சிடறேன். எப்படியும் யாராவது செய்யத்தானே வேணும்?"

எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். தடுக்கவில்லை. தடுக்க எனக்கு விதி இல்லை.

முதல் கோப்பைத் திறந்தார். நீக்குபவர் பெயர் என்ற கட்டத்தில் 'வைத்தீ' வரைக்கும் அடித்தார். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. விரல்களை விசைப்பலகை மேல் வைத்தார்.

"இந்த அஞ்சலை, இப்ப எத்தனை வரைக்கும் எண்ணறாங்க?" என்று திரும்பாமலே கேட்டார்.

"பத்தொன்பது."

அடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "மீட்டிங் ஒண்ணு இருக்கு. சாயங்காலம் வந்து முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது கார்த்திகை. அவர் சொன்ன சாயங்காலம் இன்னும் வரவில்லை.